நேர் மேற்கோள்
நேர் மேற்கோள் என்பது பிறர் எழுத்தைச் சொல் மாறாமல் எடுத்தாண்டு மூலத்தைச் சுட்டும் ஆய்வெழுத்து முறை. சிறு பகுதி இரட்டை மேற்கோள் குறிக்குள் வரும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) நெறியில் 40 சொல்லோ அதற்கு மேலோ உள்ள பகுதி குறியின்றி, உள்தள்ளிய தனிப்பத்தியாக அமையும். விடுபட்டதை முப்புள்ளியும், ஆய்வாளர் சேர்த்ததைச் சதுர அடைப்பும் காட்டும். உரைநடை நூலுக்குப் பக்க எண் தேவை. சங்கப் பாடலுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணுமே பொருந்தும். ஏனெனில் பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது மூலநூலின் பெயரைப் பலவிடத்தும் சொல்லாமல் விட்டனர். ஆயினும் மறைந்துபோன தகடூர் யாத்திரை என்னும் நூலின் பாடல்கள் சில எஞ்சியிருப்பது அவர்களின் உரை மேற்கோள்களாலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலாலுமே. பாலக்காடு மாவட்டச் சித்தூர் அரசுக் கல்லூரி போன்று தமிழ்த்துறை உள்ள கேரளக் கல்லூரிகளின் ஆய்வேட்டில் மலையாள மூலம் எடுத்தாளப்பட்டால், மொழிபெயர்த்தவர் யாரென்பதையும் குறிப்பது முறை.