ஏட்டின் கீறலும் கமெராவின் இரைச்சலும்: ஒரு வரலாற்று நோக்கு

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. நூல்களுட் பலவற்றுக்கு வேறிடங்களிலே பிரதிகள் இருந்தன; படியெடுக்கப்படாத ஏட்டுக்கு மறுபிரதி என்பதே இல்லை. அன்று தொட்டுக் குடாநாட்டில் படியெடுத்தல் ஆர்வலரின் பொழுதுபோக்காக எண்ணப்படுவதில்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் டிஜிற்றல் வடிவில் சேமித்து வருகின்றது. இன்று வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் ஏட்டுக்கட்டினையும் ஒருவர் தம் கமெராவாற் படமெடுத்துவிட்டு, காரியம் முடிந்ததென அமைகின்றார்.

முடிந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. மூலம் அழிந்த பின்னர்ப் படமே மூலம். அப்படத்திற் காணப்படும் ஒரு கோடு ஏட்டில் எழுத்தாணி கீறியதா, கமெரா தானே இட்டதா எனத் தீர்மானிக்க இயலாதவிடத்து, அது சான்றாகும் தகுதியை இழக்கும்.

இவ்வினா புதியதன்று, கருவியே புதியது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றியபோது எதிர்கொண்ட இடர்களுள் ஏடுகள் நொறுங்கிச் சிதைந்தமை ஒன்று. அதனினும் பெரியது, கிடைத்த பிரதிகள் தம்முள் முரண்பட்டமை. எழுதுவோன் கண் அயர்ந்த இடத்தில் ஒரு சொல் விழுந்தது. கை வழுக்கிய இடத்தில் ஒரு கோடு மிகுந்தது. பதிப்பாசிரியர் பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கினர். ஒரு பிரதியில் மட்டும் காணப்படும் பிறழ்ச்சி பெரும்பாலும் அதனை எழுதியவனது. எல்லாவற்றிலும் ஒத்து வருவது மூலத்தினது எனக் கொள்ளத்தக்கது. ஆயின் எல்லாப் பிரதிகளும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தனவாயின், அத்தாயின் பிழை அனைத்திலும் ஒத்தே வரும். இவ்விரண்டினையும் நினைவிற் கொள்க.

ஏட்டெழுத்தின் இயல்பினைச் சிறிது நோக்குதல் வேண்டும். பனையோலையில் எழுத்தாணி கீறுவது ஒரு பள்ளம். அதிற் கரி முதலியன பூசித் துடைத்த பின்னரே எழுத்துக் கறுத்துத் தோன்றும். மை உதிர்ந்த பழைய ஏட்டில் எழுத்தென்பது நிழல் ஒன்றே. ஓலை கிழியுமாதலால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் ஏட்டில் அருகியே காணப்படும். குற்றெழுத்தான எகர ஒகரங்களும் நெடிலும் வேறுபாடின்றி நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். இத்தகைய எழுத்தில் இல்லாத புள்ளியொன்று முளைத்தாலும், மெல்லிய கோடொன்று மறைந்தாலும் சொல் மாறும்.

கமெரா இங்கே என் செய்கின்றது? அதன் உட்கண் விழும் ஒளி நுண்துணிக்கைகளாக வந்து எண்ணப்படுகின்றது. அவ்வெண்ணிக்கை மழைத்துளி விழுவதுபோல இயல்பாகவே ஏறி இறங்கும். 10,000 துணிக்கைகள் விழுமிடத்தில் ஏற்றவிறக்கம் ஏறத்தாழ 100, அதாவது நூற்றுக்கு ஒன்று; 100 துணிக்கைகளே விழுமிடத்தில் அது 10, அதாவது நூற்றுக்குப் பத்து. ஆகவே இருண்ட அறையில் எடுத்த படத்திலே மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். இதனையே இரைச்சல் என்பர். ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இலிருந்து 6400 ஆக உயர்த்துவதால் ஒளி மிகுவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளியின் குறிப்பு, இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கப்படுகின்றது. வெப்பத்தாலும் இரைச்சல் பிறக்கும். உணரியின் வெப்பநிலை 6 முதல் 8 பாகை வரை உயர, ஒளியின்றியே அதிற் சுரக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகும். யாழ்ப்பாணத்துக் கோடையில், காற்றோட்டமற்ற அறையில், நாள் முழுதும் இயங்கும் கமெராவுக்கு இது சிறு செய்தியன்று.

கருவியின் வளர்ச்சியையும் ஏட்டினாலேயே அளக்கலாம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், சிமித் என்போர் மின்னூட்ட இணைப்பு உணரியை உருவாக்கினர். அதற்காக 2009இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975இல் கொடாக் நிறுவனத்துச் சசன் அமைத்த முதற் கமெரா 10,000 பிக்சல்களே கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 வினாடி எடுத்தது. நாற்பது சென்ரிமீற்றர் நீளமான ஏடொன்றை அதனாற் படமெடுத்திருப்பின் ஓர் எழுத்து முழுவதும் ஒரு பிக்சலுள் அடங்கியிருக்கும்! படவகலம் 3,000 பிக்சலான கமெராவில் அதே ஏட்டுக்கு மில்லிமீற்றருக்கு ஏழரை பிக்சல் கிடைக்கும்; 6,000 பிக்சலாயின் பதினைந்து. கீறலின் அகலம் 0.2 மில்லிமீற்றர் எனக் கொண்டால், முன்னதில் அது ஒன்றரைப் பிக்சல், பின்னதில் மூன்று. ஒன்றரைப் பிக்சல் அகலமான கோடு இரைச்சற் புள்ளிகளோடு கலந்து மயங்கும். மூன்று பிக்சல் அகலமானது தப்பிப் பிழைக்கும். விற்பனையாளர் கூறும் மெகாபிக்சல் எண்ணின் மெய்ப்பயன், நம்மைப் பொறுத்தவரை, இவ்வளவே.

புதிய கமெரா ஒன்றைச் சுவடிப் பணிக்குத் தேர்வோர் அழகிய காட்சிகளை எடுத்து ஒப்பிடுவது பயனற்றது. செய்யத்தக்கது ஒன்றுண்டு. மை உதிர்ந்த ஏடொன்றைப் பக்கவாட்டிலிருந்து ஒளி சாய்ந்து விழுமாறு வைத்து ஒருமுறை படமெடுக்க. பின் கமெராவை அசைக்காது, ஏட்டை மட்டும் அரைச் சென்ரிமீற்றர் நகர்த்தி, மறுமுறை எடுக்க. இரண்டினையும் முழு அளவிற் பெருக்கி நோக்கினால் மூவகைக் குறிகள் புலப்படும். ஏட்டோடு சேர்ந்து நகர்ந்தது ஏட்டினது. ஒரு படத்தில் மட்டும் தோன்றியது தற்செயல் இரைச்சல். ஏடு நகர்ந்தும் படச்சட்டத்தில் அதேயிடத்தில் நிற்பது உணரியின் நிலையான குறை. தாமோதரம்பிள்ளையின் மேசைமீது நிகழ்ந்த ஒப்புநோக்கலும் இதுவும் ஒரே முறையே. இரண்டாவது வகை எழுதுவோன் கைப்பிழை. மூன்றாவது தாய்ப்பிரதியின் பிழை. நிலையான குறை எத்தனை படம் எடுப்பினும் நீங்காதென்பது அதனால் விளங்கும். தற்செயல் இரைச்சலோ பல படங்களைச் சராசரியாக்கக் குறையும். பதினாறு படங்களுக்கு அது காற்பங்காகும்.

இதற்கு மாறாக, கமெராவினுள்ளேயே இரைச்சலை நீக்கும் ஏற்பாடு அமைந்துள்ளது. படம் வழுவழுப்பாக வரும், வாங்குவோர் மகிழ்வர். அக்கருவி கீறலையும் இரைச்சலையும் பிரித்தறிவது அளவாலும் மாறுபாட்டாலும் மட்டுமே. மங்கிய கீறல் இரைச்சலைப் போலவே சிறியது, மெலிந்தது. ஆதலின் அதுவும் துடைக்கப்படும். கூர்மையாக்கும் ஏற்பாடோ கோட்டின் இருபுறமும் வெண்ணிழல் எழுப்பி, ஒற்றைக் கீறலை இரட்டையாகக் காட்டும். அண்மைக்காலக் கைத்தொலைபேசிகளுட் சில, பயிற்றப்பட்ட கணிப்புமுறைகளால், பதிவாகாத நுணுக்கத்தையும் ஊகித்து நிரப்புகின்றன. பதிப்பாசிரியர் ஒருவர் சிதைந்த இடத்தைத் தாமே திருத்தி, திருத்தினமையைக் குறியாது விட்டாற் புலவர் உலகம் பொறுக்குமோ? அதே செயலைக் கருவி செய்யும்போது தெளிவான படம் என்று பாராட்டுகின்றோம். என் கருத்தில், இரைச்சல் தெரியும் படம் நேர்மையான படம். அதனைக் குறைக்கும் வேலையைப் படிப்போன் பிற்பாடு தன் பிரதியிற் செய்துகொள்ளட்டும்.

ஆகவே பதப்படுத்தாத மூலக்கோப்பே சேமிப்புக்குரியது. சுருக்கப்பட்ட ஜேபெக் வடிவம் பார்வைக்கு மட்டும் போதும். ஏட்டின் அருகே அளவுகோலும் நிற அட்டையும் வைக்கும் வழக்கம் பரவியுள்ளது, நன்று. இன்னும் ஒன்று சேர்க்கத்தக்கது. ஒவ்வொரு கட்டினையும் தொடங்குமுன், அதே ஐ.எஸ்.ஓ. எண்ணிலும் அதே ஒளிநேரத்திலும், வில்லையை மூடியிட்டு ஒரு படம் எடுத்தல். அதிற் காண்பது கருமை ஒன்றே என்று பலர் அதனை அழித்துவிடுவர். அக்கருமையிற் சிதறிக் கிடக்கும் புள்ளிகளே அன்றைய வெப்பத்தில் அந்த உணரிக்கிருந்த நிலையான குறைகள். கட்டின் பெயரோடும் திகதியோடும் அதனைச் சேர்த்து வைத்தால், ஏடு பொடியான ஐம்பது ஆண்டின் பின்னரும், ஒரு சொல்லின்மேல் நிற்கும் ஐயத்துக்குரிய புள்ளி ஓலையிற் கிடந்ததா, உணரியிற் கிடந்ததா என்பதை ஒருவர் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.