உத்தரமேரூர்க் கல்வெட்டுகளும் காவற்பணியின் அகவை எல்லையும்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டினது, அஃதாவது கி.பி. 919, மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டினது, கி.பி. 921. குடவோலை பற்றிப் பேசுவோர் யாவரும் இவற்றைச் சுட்டுவர். குடமும் ஓலையும் அதனை எடுக்கும் சிறுவனும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவையே. ஆயின், இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கே புலனாகும் செய்தி ஒன்றுண்டு. வாரியத்தார்க்குரிய அகவை எல்லை இரண்டே ஆண்டுகளில் மாற்றப்பெற்றது.

முன்னைய கல்வெட்டு 30 பிராயத்திற்கு மேலும் 60 பிராயத்திற்குக் கீழும் என்று வரையறுக்கிறது. பின்னையது 35க்கு மேலும் 70க்குக் கீழும் என்கிறது. மாற்றத்திற்குக் காரணம் கல்லிற் கூறப்படவில்லை. எனினும் ஊகிக்க இடமுண்டு. எல்லையின் இரு முனைகளும் ஒருசேர மேலேறியுள்ளன. இளையோர் சிலர் விலக்கப்பட்டனர். முதியோர் சிலர் சேர்க்கப்பட்டனர். மேலும், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தவர்களையும், கல்வியிலும் அகவையிலும் முதிர்ந்தவர்களையும் சம்வத்சர வாரியத்திற்குக் கொள்க என்று பின்னைய கல்வெட்டே விதிக்கிறது. தீயோர் அழிந்து நல்லோர் தழைக்க வேண்டும் என்பதை நோக்கமாகக் கூறுவதும் அதுவே. அந்நோக்கம் நிறைவேற உடல் வலிமையினும் பட்டறிவே வேண்டும் என்று சபையார் கருதினர் போலும்.

அச்சபை பிராமணர் சபை; நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே இடமளித்தது. இதனை மறந்து அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

ஊதியம் பெறும் காவல்துறை எதனையும் இக்கல்வெட்டுகள் இரண்டும் பேசவில்லை. இன்றைய காவலர்க்கும் சிறைக்காவலர்க்கும் உரிய ஓய்வு அகவையோடு இவற்றை ஒப்பிடப் புகுவார் முதலில் உணரவேண்டிய வேறுபாடு இஃதே. வாரியப்பணி 360 நாட்களில் முடிவது. செய்தவர் அடுத்த மூன்றாண்டுகள் மீண்டும் செய்தல் இயலாது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் உடையாரே பொதுவாகத் தகுதியுடையர் ஆதலின், எழுபது எய்தியவர் இழந்தது பொறுப்பு மட்டுமே, சோறு அன்று. இன்றைய காவலர் ஓய்வு பெறும் நாளில் பதவியோடு மாத ஊதியமும் நின்றுபோகிறது. ஓய்வூதியம் பற்றிய கேள்வியை விடுத்து அகவையை மட்டும் வாதிடுதல் அரைகுறை வாதமாகவே முடியும்.

தமிழ்நாட்டு அரசுப் பணியாளரின் ஓய்வு அகவை 1979இல் 55இலிருந்து 58 ஆயிற்று. 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஈராண்டிற்குள் எல்லை நகர்ந்த உத்தரமேரூர்ச் செய்தி ஈண்டு நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் 2020 தொற்றுநோயால் அரசின் வருவாய் குன்றிய ஆண்டு. ஓய்வுக்காலப் பணப்பயன்களை உடனே வழங்கும் சுமை தள்ளிப்போயிற்று. வேலை நோக்கிக் காத்திருந்த இளைஞரின் வாய்ப்பும் உடன் தள்ளிப்போயிற்று.

உடல் வலிமையைக் காரணங்காட்டி எல்லையைத் தாழ்த்துவாரும் உளர். அமெரிக்க நடுவண் அரசின் காவற்பணியாளரும் சிறைக்காவலரும், 20 ஆண்டுப் பணி முடித்திருப்பின், 57இல் விலகவேண்டும். அந்நாட்டு மாசசூசெட்சு மாநிலத்தில் மர்கியா என்னும் காவல் அதிகாரி 50 நிரம்பியதும் விலக்கப்பட்டார். நான்கு திங்கட்கு முன்னர்தான் அவர் உடற்தேர்வில் தேறியிருந்தார். ஆயினும் 1976இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நீதிபதி மார்ஷல் மட்டும் மாறுபட்டார். தேறியவனையும் தேறாதவனையும் ஒரே கோலால் அளக்கும் விதி ஆள்வார்க்கு எளிது. தேறியவனுக்கு அது கொடிது. எமக்கு மார்ஷலின் பக்கமே மனம் சாய்கிறது.

நம் நாட்டு நடுவண் ஆயுதக் காவற்படைகள் சிலவற்றில் வேறொரு முரண் இருந்தது. எல்லைப் பாதுகாப்புப் படை முதலிய நான்கு படைகளில் கமாண்டன்ட் நிலை வரையிலானோர் 57இலும், அதற்கு மேற்பட்டோர் 60இலும் ஓய்வு பெற்றனர். இவ்வேறுபாடு செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகத்தில் எல்லா நிலையினர்க்கும் 60 என்றாயிற்று. உத்தரமேரூர்ச் சபை இவ்வாறு தரம் பிரிக்கவில்லை. ஏரி வாரியத்தார் அறுவர்க்கும், முதன்மை வாய்ந்த சம்வத்சர வாரியத்தார் பன்னிருவர்க்கும் எழுபது என்னும் ஒரே எல்லையையே அது வகுத்தது.