கற்குழியும் பந்தும் பட்டமும்

கூட்டத்துக்குப் போனால் விளையாட்டுக் கெடுகிறது, விளையாடப் போனால் பரீட்சை கெடுகிறது என முறையிடும் மாணவரை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அரசியல், உதைபந்தாட்டம், பல்கலைக்கழகப் படிப்பு ஆகிய மூன்றையும் சிறைக்குள்ளேயே நடத்திய ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

தென் ஆபிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு எதிரே கடலில் கிடக்கும் றொபன் தீவுக்கு 1963இல் கொண்டுசெல்லப்பட்ட அரசியற் கைதிகளுள், பிரிட்டோரியாவைச் சேர்ந்த ஆசிரியக் குடும்பத்துப் பிள்ளையான டிக்காங் மொசெனெக்கேயும் ஒருவர். கைதானபோது வயது பதினைந்து. நிறவெறி ஆட்சிக்கு எதிரான நடவடிக்கைகளிற் பங்குகொண்டமைக்காகப் பத்தாண்டுச் சிறை.

கறுப்பின மக்களின் பிள்ளைகளை ஏவலாளராகவே வைத்திருக்க வகுக்கப்பட்ட பாண்டுக் கல்விச் சட்டம் 1953இல் வந்தது. 1959இன் சட்டமோ, அதுவரை திறந்திருந்த பல்கலைக்கழகங்களின் கதவையும் அவர்களுக்கு அடைத்தது. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் பொலிசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றனர். அடுத்த மாதமே அகில ஆபிரிக்கக் காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட அக்கட்சியிலேதான் பதினான்கு வயதில் மொசெனெக்கே சேர்ந்தார்.

தீவிலே பகலெல்லாம் கல்லுடைப்பு. உணவிலுங்கூட நிறபேதம், ஆபிரிக்கருக்குப் பாண் இல்லை. இந்நிலையிலும் கற்றோர் கல்லாதோருக்கு எழுத்தறிவித்தனர். மொசெனெக்கே பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்தார். பின்னர் தென் ஆபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தபால்மூலக் கல்வியால் ஆங்கிலத்திலும் அரசியல் விஞ்ஞானத்திலும் கலைப்பட்டமும், தொடர்ந்து சட்டத்துறைப் பட்டமும் பெற்றார். படிக்கும் அனுமதியோ அதிகாரிகள் நினைத்தபோது பறிக்கக்கூடியதாயிருந்தது.

உதைபந்தாட்டத்தின் கதைதான் இவற்றுள் மிக விசித்திரமானது. விளையாட அனுமதி கேட்டுக் கைதிகள் வாரந்தோறும் விண்ணப்பித்தனர். கேட்டவருக்கு உணவு மறுக்கப்பட்டது. அடுத்த வாரம் வேறொருவர் கேட்டார். சில ஆண்டுகள் இவ்வாறே சென்றபின், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வற்புறுத்தலும் சேர, 1967 இறுதியில் அனுமதி கிடைத்தது. கரையொதுங்கிய மீன்வலைகள் கம்பத்துக்கு வலையாயின. 1969இல் மக்கானா உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1819இல் கிரகாம்ஸ்டவுன் மீது படையெடுத்து, இத்தீவிற் சிறைவைக்கப்பட்டு, தப்பும் முயற்சியிற் கடலில் மாண்ட கோசா இனத் தலைவரின் பெயரே சங்கத்தின் பெயர்.

சங்கத்தின் தலைவராகவும் மொசெனெக்கே விளங்கினார். சர்வதேச விதிநூலை வரிவரியாகப் பின்பற்றினர். யாப்பு, மூன்று பிரிவுகள், மத்தியஸ்தர் குழு, ஒழுக்காற்று விசாரணை, அறிக்கை, மேன்முறையீடு என எதிலும் குறைவில்லை. ஒரே வளாகத்திற் படுத்துறங்கும் கழகச் செயலாளர்கள், ஒருவருக்கொருவர் 'அன்புடையீர்' என விளித்துக் கடிதம் வரைந்தனர்! சிரிப்புக்குரியதாய்த் தோன்றலாம். ஆனால் வாக்குரிமையே மறுக்கப்பட்ட மனிதர் தமக்கென ஆட்சியமைத்துப் பழகிய இடம் அதுதான்.

எல்லாம் சுமுகமாக நடந்ததென்று சொல்வதற்கில்லை. பெரும்பாலான கழகங்கள் கட்சிவாரியாகவே அமைந்தன. ஆபிரிக்கத் தேசியக் காங்கிரசாருக்கும் அகில ஆபிரிக்கக் காங்கிரசாருக்கும் இருந்த பிணக்கு சிறைக்குள்ளும் தொடர்ந்தது. மனோங் கழகம் மட்டும் கட்சி பாராது ஆட்டக்காரரைச் சேர்த்தது. அந்த முன்மாதிரியை ஏனையவை தாமதமாகவே ஏற்றமை குறையென்றே நாம் கருதுகிறோம். தனிப்பிரிவில் அடைக்கப்பட்டிருந்த மண்டேலாவுக்கோ விளையாட அனுமதியே இல்லை. அறையிலிருந்து பார்த்ததையும் அதிகாரிகள் மதிலெழுப்பி மறைத்தனர்.

மொசெனெக்கே 1973இல் விடுதலையானதும் வீட்டுக்காவல் காத்திருந்தது. முன்னாட் கைதி சட்டத்தொழில் புரிவதை எதிர்த்தவர்களோடு வழக்காடியே 1978இற் சட்டத்தரணியானார். 1993இல் இடைக்கால அரசியல் யாப்பை வரைந்தோருள் ஒருவர். 2005 முதல் 2016 வரை பிரதிப் பிரதம நீதியரசர். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007 யூலையில், எந்நாட்டையும் சாராத மக்கானா சங்கத்துக்குக் கௌரவ அங்கத்துவம் அளித்தது.

சங்கத்தின் கூட்டக் குறிப்புகளும் கடிதங்களும் இன்று மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திற் பாதுகாக்கப்படுகின்றன. ஆட்டத்துக்குப் பிந்தி வந்தோர் மீதான முறைப்பாடுகளும் அவற்றுள் உண்டு.