நுரைப்பலகை மாதிரி வானூர்தி

நுரைப்பலகையை வெட்டி ஒட்டிச் செய்து, கையில் ஏந்திய கருவியிலிருந்து செல்லும் வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறிய ஊர்தி நுரைப்பலகை மாதிரி வானூர்தி ஆகும். போர் விமானங்களின் வடிவில் செய்யப்படுபவை பொதுவாக ‘ஜெட்’ என்றே அழைக்கப்படுகின்றன. இதனைப் பொம்மை என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் வானூர்தியியலின் வரலாற்றில் மாதிரிகளுக்குத் தனி இடம் உண்டு. விழுந்து உடைந்தாலும் அன்று மாலையே ஒட்டி மறுநாள் பறக்கவிடலாம் என்ற வசதியால், பறத்தலின் அறிவியலை எளிய வீட்டு மாணவர்களும் கைப்படக் கற்கும் வாய்ப்பை நுரைப்பலகை உண்டாக்கியது.

முன்னோடிகள்

மனிதரைச் சுமக்கும் விமானத்திற்கு முன்பே மாதிரி விமானம் பறந்துவிட்டது. 1871-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் அல்போன்சு பெனோ, முறுக்கிய இரப்பர் பட்டையின் விசையால் இயங்கும் சிறு மாதிரியைப் பாரிசு நகரப் பூங்கா ஒன்றில் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் சென்றது. இறக்கைக்குப் பின்னால் சிறிய வால் இருந்தால் ஊர்தி தானே சமநிலை பெறும் என்பதை அது காட்டியது.

பெனோவின் வடிவமைப்பைத் தழுவிய, மேலெழும் பொம்மை ஒன்றை அமெரிக்காவில் ஒரு தந்தை 1878-இல் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். மூங்கில், காகிதம், தக்கை, இரப்பர் ஆகியவற்றால் ஆனது அது. அது உடைந்ததும் பிள்ளைகள் தாங்களே புதிதாகச் செய்துகொண்டனர். அவர்களே 1903-இல் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள்.

வானொலிக் கட்டுப்பாடு

தொலைவிலிருந்து வானொலி அலைகளால் ஓர் ஊர்தியை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெசுலா 1898-இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு மெய்ப்பித்தார். வானூர்தியில் அதனைச் செய்வது கடினமாக இருந்தது. அக்கால ஏற்பிகளும் மின்கலங்களும் மிகுந்த எடை கொண்டவை. 1937-இல் அமெரிக்காவின் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் வானொலிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மாதிரி வானூர்தி ஒன்றைப் பறக்கவிட்டனர். அது மறு ஆண்டு அந்நாட்டின் தேசியப் போட்டியில் வென்றது.

அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே இருந்தது. தென் அமெரிக்காவில் விளையும் பால்சா மரமும் சிறிய எரிபொருள் இயந்திரமும் இதற்குத் தேவைப்பட்டன. இந்தியாவில் இவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. ஒரே களத்தில் இருவர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் ஊர்தி கட்டுப்பாட்டை இழந்து விழுந்துவிடும். பல வாரங்கள் உழைத்துச் செய்தது ஒரு நொடியில் நொறுங்கிப் போகும்.

நான்கு மாற்றங்கள்

நிலைமையை மாற்றியவை நான்கு. முதலாவது நுரைநெகிழி. பாலிசுடைரீன் நுரை 1950-களில் பொதி கட்டும் பொருளாகப் பரவியது. இந்தியாவில் அதன் வணிகப் பெயரான ‘தெர்மாகோல்’ என்பதே மக்களின் சொல்லாயிற்று. இரண்டாவது, வலிமை மிக்க நியோடிமியம் காந்தம். 1980-களில் வந்த இதனால், சிறிய உடலில் பெரிய ஆற்றல் தரும் தூரிகையற்ற மோட்டார்களைச் செய்ய முடிந்தது. மூன்றாவது, 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமும் அதன் வழிவந்த எடை குறைந்த லித்தியம் பாலிமர் மின்கலமும். நான்காவது, 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்கும் கருவி. இதில் பலர் ஒரே நேரத்தில் இயக்கினாலும் ஒருவர் சமிக்ஞை மற்றவருடையதில் குறுக்கிடுவது அரிது. இந்தியாவில் இந்த அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-இல் அனுமதி வந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் வானூர்தியியல் கல்வியின் தொட்டில் குரோம்பேட்டையில் உள்ள மெட்ராசு தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.). சி. ராஜம் 1949-இல் நிறுவிய இக்கல்லூரி 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1950-களில் இங்குப் படித்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், நண்பர்களுடன் தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைத்தார். பணி பின்தங்கியதால், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பேராசிரியர் சீனிவாசன் எச்சரித்தார். இரவு பகலாக உழைத்துக் கலாம் அதனை முடித்தார். இதனைத் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவரே கூறியுள்ளார்.

அன்று அந்த வடிவமைப்பு வரைதாளில் இருந்தது. தவறினால் இழப்பு ஓர் ஏழை மாணவனின் படிப்பு. இன்று அதே வயது மாணவர் தம் வடிவமைப்பை நுரைப்பலகையில் வெட்டிப் பறக்கவிட்டு, அது விழுந்தால் காரணத்தைக் கண்டறிந்து, ஒரே வாரத்தில் நான்கைந்து முறை திருத்திப் பார்க்க முடிகிறது.

இத்திறன் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு 2018-இல் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில், அவசர மருத்துவ உதவிக்கான பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி வானூர்திகளில் நெடுங்கால ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித் குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார்.

அமைப்பும் செய்முறையும்

இவ்வகை ‘ஜெட்’டில் எரிபொருள் எரிவதில்லை. குழாய் போன்ற உறைக்குள் பல இதழ் கொண்ட விசிறி ஒன்றை மோட்டார் மிக வேகமாகச் சுழற்றும். காற்று பின்னோக்கி வீசப்படுவதால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஊர்தி முன்னோக்கித் தள்ளப்படும். தொடக்கநிலை மாணவர்கள் உறைவிசிறிக்குப் பதிலாக ஊர்தியின் பின்பகுதியில் சாதாரண முற்செலுத்தியைப் பொருத்துவதும் உண்டு. விலையும் மின்செலவும் அதில் குறைவு.

முதலில் அட்டையில் அச்சு வெட்டி, அதனை 5 மில்லிமீட்டர் அளவுள்ள நுரைப்பலகையின் மேல் வைத்துக் கத்தியால் வெட்ட வேண்டும். இறக்கை வளையாமல் இருக்க அதன் குறுக்கே மூங்கில் சிம்போ கார்பன் குச்சியோ பதிக்கப்படும். சூடான பசைத் துப்பாக்கியை மிதமான சூட்டில் பயன்படுத்தலாம். சாதாரண உடனடிப் பசை பாலிசுடைரீன் நுரையைக் கரைத்துவிடும். புதியவர்கள் பலர் முதல் இறக்கையை இழப்பது இதனால்தான்.

மிக முக்கியமானது புவியீர்ப்பு மையம். நேரான இறக்கை கொண்ட ஊர்திகளில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தொலைவில் அது அமைய வேண்டும். முக்கோண இறக்கைக்கு இந்த இடம் வேறாகும் என்பதால், வரைபடத்தில் குறித்த புள்ளியையே பின்பற்ற வேண்டும். அப்புள்ளியில் இரு விரல்களால் தாங்கினால் ஊர்தி கிடையாக நிற்க வேண்டும். மூக்குப்பகுதி சற்றுக் கனமானால் ஊர்தி மந்தமாகப் பறக்கும். வால்பகுதி கனமானால் கட்டுப்பாட்டை இழந்து விழும். மின்கலத்தை முன்னும் பின்னும் நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் ஆளில்லா வானூர்தி விதிகள் 2021 நடைமுறைக்கு வந்தன. கல்வி, ஆய்வு, சோதனை அல்லது பொழுதுபோக்குக்காக மட்டும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இயக்கப்படும், 25 கிலோகிராமுக்கு மேற்படாத ஊர்திகளை இவ்விதிகள் ‘மாதிரி’ எனத் தனியே வகைப்படுத்துகின்றன. பச்சை மண்டலத்தில் பறக்கும் உயரத்தின் எல்லை 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அக்கோபுரத்தைப் போல் இரு மடங்கு உயரமே எல்லை என்று மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் போன்ற கல்லூரிப் பகுதிகளில் வெட்டவெளி இருப்பதாலேயே எங்கும் பறக்கவிடலாம் என்று எண்ணக் கூடாது. அண்டை நகரான அரக்கோணத்தில் 1992 முதல் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை வான்தளம் இயங்கி வருகிறது. எனவே பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் முன்கூட்டியே பார்ப்பது கட்டாயம். இடத்துக்கு உரியவரின் இசைவும் வேண்டும். கோயில், கடைத்தெரு, மின்கம்பி, நெடுஞ்சாலை ஆகியவற்றின் அருகே பறக்கவிடக் கூடாது.

லித்தியம் பாலிமர் மின்கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றினாலோ, விழுந்து நசுங்கியதை மீண்டும் பயன்படுத்தினாலோ தீப்பற்றும். மின்னேற்றும்போது ஒருவர் உடனிருக்க வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

கல்விப் பயன்

விசை, சமநிலை, மின்சாரம், வானொலி அலை எனப் பாடநூலில் தனித்தனிப் பாடங்களாக உள்ளவை இவ்வூர்தியில் ஒன்றுசேர்கின்றன. தேசிய மாணவர் படையின் வான்பிரிவிலும் மாதிரி வானூர்திப் பயிற்சி இடம்பெறுகிறது. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் இல்லை. நுரைப்பலகை ஊர்தியிலோ ஒவ்வொரு வீழ்ச்சியும் எங்கே தவறு என்று காட்டிவிடுகிறது. உடைந்த பொம்மையைத் தாங்களே செய்துகொண்ட ரைட் சகோதரர்களின் பயிற்சியும் அதுவே.