எலும்பும் தோலும் - அனிமேஷனில் ஒரு முழங்கையின் வரலாறு

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம். சினிமாவுக்குப் பேர்போன இந்தச் சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் "சின்பாத்" என்ற முழுநீள அனிமேஷன் படத்தைத் தந்தது. மனிதர்களை நடிக்க வைத்து, அந்த அசைவுகளைக் கணினியில் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் முறையில் உருவான படம் அது.

அசைவு நிஜ மனிதருடையது. பிறகு ஏன் இத்தகைய படங்களில் உடம்பு மட்டும் பொம்மை போலத் தெரிகிறது? பதில் மூட்டுகளில் இருக்கிறது!

கணினிப் பாத்திரத்துக்குள் எலும்புக்கூடு ஒன்று உண்டு. தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பை எவ்வளவு பின்தொடர வேண்டும் என்று எண்ணால் குறிப்பார்கள். முழங்கைப் புள்ளி என்றால் மேல்கைக்குப் பாதி, கீழ்கைக்குப் பாதி. இரண்டின் சராசரியே தோலின் இடம். 1988ல் நதியா மாக்னெனாட் தால்மான் குழுவினர் கைவிரல் அசைவுக்காக எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று.

சராசரி எளிது, வேகமானது, செலவு குறைவு. ஆனால் கையை முறுக்கினால் மிட்டாய்க் காகிதம் போல நடுவில் ஒடுங்கிவிடும். அதைக் கலைஞர்கள் காட்சிக்குக் காட்சி கையால் திருத்த வேண்டியிருந்தது. கருவியில் மிச்சம் பிடித்த செலவு, கூலியில் திரும்பி வந்தது!

சின்பாத் வெளியான அதே 2000ல் லூயிஸ், கார்ட்னர், ஃபாங் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். மடங்கிய கையின் சரியான வடிவத்தைக் கலைஞரே செதுக்கித் தர, இடைப்பட்ட நிலைகளைக் கணினி கணக்கிடும். 2013ல் இதற்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2007ல் கவான் குழுவினர் சராசரி எடுக்கும் கணக்கையே மாற்றினர். அதன் வேர், ஹாமில்டன் 1843ல் டப்ளினில் கண்டுபிடித்த குவாட்டர்னியன் கணிதம். முறுக்கினால் ஒடுங்குவது நின்றது. ஆனால் மடக்கினால் மூட்டு சற்றுப் புடைக்கிறது!

2014ல் "கோச்சடையான்" வந்தபோதும் ரசிகர்கள் குறை சொன்னது அனிமேஷனைத்தான். நடிப்பைப் பதிவு செய்வது பாதி வேலையே. மீதி, எலும்புக்கும் தோலுக்கும் இடையில் நடக்கிறது.

இன்று இலவச பிளெண்டர் மென்பொருளில் "பிரிசர்வ் வால்யூம்" என்ற கட்டத்தில் ஒரு டிக் போதும், அந்தக் குவாட்டர்னியன் கணக்கு வேலை செய்யும். ஒரு டிக்குக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு!