நல்ல தண்ணீரும் நாங்கள் படித்த காலமும்

காரைநகர் என்ற பெயரும் எமது பழைய மாணவிகள் சங்கமும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. அதற்கு முன்னர் எங்கள் ஊர் காரைதீவு என்றே வழங்கி வந்தது. கிழக்கிலங்கையிலும் காரைதீவு என்றோர் ஊர் இருப்பதால் ஏற்பட்ட மயக்கத்தைத் தீர்க்கவே 1920 களில் காரைநகர் என்ற பெயர் வந்தது. பொன்னாலையிலிருந்து கடலுக்குக் குறுக்கே வரும் தாம்போதி ஊரை முன்னரே குடாநாட்டோடு இணைத்திருந்தது. பெயரிலும் தெருவிலும் தீவு போய்விட்டது. ஆனால் நிலத்துக்கு அடியில் நாங்கள் என்றைக்கும் தீவாரே. கிணற்றில் வாளியை விட்டு அள்ளிய எவருக்கும் இது தெரியும்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒடியற்கூழும் பனாட்டும் கிளித்தட்டும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள், இனியும் எழுதுவார்கள். 1950 களிலும் 60 களிலும் படித்த நாங்கள் இந்த நூற்றாண்டு மலரில் வேறொன்றைப் பதிவு செய்ய விரும்புகிறோம். எங்கள் நாளின் முதல் வேலையாக இருந்ததும், எங்களில் யார் படித்தார்கள், யார் நின்றார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்ததும் தண்ணீர்தான்.

எங்கள் ஊரில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழைதான் ஆண்டு முழுமைக்கும் தண்ணீர். அந்த மழை மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஊறி இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. உப்பு நீர் பாரம் கூடியது, மழை நீர் பாரம் குறைந்தது, அதனால்தான் மிதக்கிறது. கைபன் என்ற ஒல்லாந்தரும் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியரும் நூறாண்டுக்கு முன்னரே தனித்தனியாகக் கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏறிவரும். எங்கள் பாட்டிமாருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. ஆனால், "ஊறினதை அள்ளு, ஊற முந்தி அள்ளாதை" என்று எங்களை அதட்டியபோது அவர்கள் சொன்னதும் இதே கணக்குத்தான்.

ஊரின் குறிச்சிப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் தண்ணீரின் வரைபடமே கிடைக்கும். பாலாவோடை, சக்கலாவோடை என்பவை மழை வெள்ளம் ஓடிய வழியைச் சொல்கின்றன. கல்லந்தாழ்வு தாழ்ந்த நிலம். இடைப்பிட்டி மேடு. மணற்காட்டில் மழை விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஊரி என்பது கடற்சிப்பி கலந்த நிலம். கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே உணர்த்தும். எந்தக் குறிச்சியில் நல்ல தண்ணீர், எந்தக் குறிச்சியில் சவர் என்பதைச் சின்னப் பிள்ளைகளான நாங்களும் அறிந்திருந்தோம். பெண் கொடுக்கும்போதுகூட, "அங்கை தண்ணி எப்பிடி?" என்று கேட்பவர்கள் இருந்தார்கள்.

"காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை" என்பது பழமொழி. எங்கள் அப்பாமாரும் மாமாமாரும் தென்னிலங்கையின் பட்டினங்களிலும் மலைநாட்டிலும் கடை வைத்திருந்தார்கள். சிலர் மலாயாவரை போய் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பினார்கள். மாதத்தில் ஒரு மணியோடர், இரண்டொரு தபாலட்டை, ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைக்கு ஒரு வருகை: அக்காலத்தில் பல வீடுகளில் தகப்பனார் என்றால் இவ்வளவுதான். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு வருகைகள் சற்றுக் கூடின. ஆண்கள் வெளியூரில் உழைத்ததைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். அவர்கள் இல்லாத வீட்டில் வேலி அடைத்ததும், வயல் பார்த்ததும், மாட்டுக்குக் குழை குத்தியதும், தண்ணீர் அள்ளியதும் பெண்கள். பெண்களுக்குள்ளும் தண்ணீர் பெரும்பாலும் மூத்த பெண் பிள்ளையின் வேலை.

விடியப் புறம் நாலரை, ஐந்து மணிக்கு எழும்பினால்தான் கிணற்றடியில் முன்வரிசை கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு வீட்டுக்கு மூன்று, நான்கு குடம் வேண்டும். குடமொன்று பத்து, பன்னிரண்டு லீற்றர் கொள்ளும். பித்தளைக் குடமானால் அதன் பாரம் வேறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் இடுப்பு அதற்குப் பழகிவிடும். மாரியில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். பங்குனி பிறந்ததும் கயிறு நீளும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று மண்ணை வாரி இறைக்கும்போது, வாளியில் வருவது பாதி சேறாக இருக்கும். அப்போது அள்ளுவதை நிறுத்திவிட்டு ஊற்றுச் சுரக்கும்வரை எல்லாரும் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில் கொக்கான் வெட்டுவோம், வாய்பாடு சொல்வோம், பாடமாக்க வேண்டிய தேவாரத்தை ஒருத்தி தொடங்க மற்றவர்கள் முடிப்போம். எங்களில் பலர் வீட்டில் படித்ததிலும் கிணற்றுக் கட்டிலிருந்து படித்ததே கூட.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சவர். அது குளிக்கவும் தோயவும் மாட்டுக்கும் போதும். சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைச் சட்டை இரண்டு தவணைக்குள் பழுப்பேறிவிடும். முழுகினால் தலைமயிர் சடையாகும். அதனால் கடைசியாக வார்ப்பதற்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரை அம்மா எடுத்து வைத்திருப்பார். அந்த ஒரு செம்புக்காக அக்கா தங்கையருக்குள் நடந்த சண்டைகளை இன்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பருப்புச் சவர்த் தண்ணீரில் அவியாது. தேத்தண்ணி வாயில் வைக்க முடியாது. அரிசி கழுவிய நீர் மாட்டுக்கு, முகம் கழுவிய நீர் வாழையடிக்கு, பாத்திரம் கழுவிய நீர் தென்னையடிக்கு என்று ஒவ்வொரு துளிக்கும் ஒரு வழி இருந்தது. இதனை யாரும் சிக்கனம் என்று சொல்லவில்லை. வீடு நடக்கும் முறையே அதுதான்.

மாரி வந்தால் ஊரே வேறாகிவிடும். வயலில் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் பச்சைபிடிக்கும். குளங்கள் நிரம்பி ஓடைகள் ஓடும். தவளைச் சத்தத்தில் இரவு பாடம் மனத்தில் ஏறாது. கிடுகுக் கூரையின் தாழ்வாரத்தில் கிடாரத்தையும் அண்டாவையும் வைத்து மழைநீர் பிடிப்போம். கிணற்றடிக்குப் போக வேண்டாத நாட்கள் அவை. பாடசாலை வரவுப் புத்தகத்தில் எங்கள் வரவு நிறைந்திருந்ததும் இந்த மாதங்களிலேதான். வெள்ளம் தெருவை மூடினாலும் சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். காய்ந்த மாதங்களிலேதான் வரவு குறையும்.

இந்த இடத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நல்ல தண்ணீர்க் கிணறுகள் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் சாதி கிணற்றடியில் காவல் நின்றது. வாளியிலும் கயிற்றிலும் கை வைக்க அனுமதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாராவது இரங்கி அள்ளி வார்க்கும்வரை தள்ளி நிற்பார்கள். நாங்கள் மூன்று நடை போய்வந்த பின்னும் அவர்கள் அங்கேயே நிற்பார்கள். பிறகு அதே பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இரண்டாம் பாடம் நடக்கும்போது வாசலில் வந்து நிற்பார்கள். பிந்தி வந்ததற்காக வெளியில் நிறுத்தப்படுவார்கள். பொது இடங்களில் இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை நாடே அறிந்தது. கிணற்றடியில் மாற்றம் அதைவிட மெதுவாகவும் சத்தமின்றியும் வந்தது. அந்த மெதுவான ஆண்டுகளில் பள்ளிப் பருவத்தைக் கடந்து போனவர்களுக்கு அதனால் பயன் இருக்கவில்லை.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் கட்ட முடியாது என்ற காரணத்தால் பெண் பிள்ளையை நிறுத்திய வீடுகளுக்கு இனி அந்தக் காரணம் இல்லை. எங்கள் அம்மாமாரிற் பலர் கையெழுத்து வைக்கும் அளவுக்குப் படித்தவர்கள், நாங்கள் எஸ்.எஸ்.சி. வரையும், சிலர் பல்கலைக்கழகம் வரையும் போனோம். எங்களிலிருந்து ஆசிரியைகளும் தாதிமாரும் மருத்துவர்களும் உருவானார்கள். இந்த மலரின் மற்றப் பக்கங்கள் அவர்களின் பெயர்களால் நிறைந்திருப்பது எமக்கும் பெருமையே.

ஆனால் கட்டணம் போன பிறகும் குடம் போகவில்லை. முதலாம் வகுப்பில் எங்களோடு பாயில் இருந்து சிலேட்டில் எழுதியவர்களை எண்ணிப் பார்க்கிறோம். ஐந்தாம் வகுப்போடு சிலர் நின்றார்கள். பெரியபிள்ளையானதும் சிலர் நிறுத்தப்பட்டார்கள். தாய்க்குப் பிள்ளைப்பேறு என்றால் அந்த ஆண்டு முழுவதும் மூத்தவள் வரமாட்டாள். அடுத்த ஆண்டு தங்கையோடு ஒரே வகுப்பில் இருக்கக் கூச்சப்பட்டு வராமலே விட்டுவிடுவாள். அவள் அள்ளிய தண்ணீரில் சமைத்ததை உண்டுதான் தம்பியும் தங்கையும் படித்தார்கள். எங்களில் சிலர் அந்தத் தங்கைமார்.

பின்னர் காலம் மாறியது. சைக்கிளில் தகரம் கட்டித் தண்ணீர் கொண்டுவரும் வழக்கம் வந்ததும், அது ஆண் பிள்ளைகளின் வேலையாகவும் ஆயிற்று. வண்டிலில் பீப்பா வந்தது, பிறகு பவுசர் வந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் வந்தது. அதனால் கை நோகாமல் இறைத்த சில நல்ல கிணறுகள் எங்கள் கண்முன்னேயே சவராகின. பாட்டிமாரின் அதட்டலுக்கு இயந்திரம் செவி கொடுக்கவில்லை.

1991 இல் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து மக்கள் திரும்பத் தொடங்கியபோது கூரையில்லாத வீடுகளையும் தூர்ந்துபோன கிணறுகளையுமே கண்டார்கள். அள்ளாத கிணறு பாழாகும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். திரும்பாதவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறோம். குழாயைத் திருகினால் வருகிற தண்ணீரில் சவர்க்காரம் பொங்கி நுரைக்கிறது. ஆனாலும் குழாயை மூடாமல் விட்டுப் பல் துலக்கும் பிள்ளையைக் கண்டால் எங்கள் கை தானாக எழுந்து குழாயை மூடுகிறது.

நூற்றாண்டு காணும் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, ஊரிலுள்ள நன்னீர்க் கிணறுகளையும் குளங்களையும் ஓடைகளையும் குறிச்சி குறிச்சியாகப் பதிவு செய்ய வேண்டும். எது எந்த மாதம்வரை நல்ல தண்ணீர் தந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் தலைமுறைப் பெண்களே. அவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. ஓடையை மறித்து மதில் கட்டுபவருக்கும், குளத்தைத் தூர்வார நிதி தேடும் பிள்ளைகளுக்கும் அந்தப் பதிவு பயன்படும்.

இரண்டாவது, படித்து முடித்தவர்களை மட்டும் பழைய மாணவிகள் என்று கொள்ள வேண்டாம். ஓராண்டேனும் எமது பாடசாலையின் வரவுப் புத்தகத்தில் பெயர் இருந்தவள் பழைய மாணவியே. எந்தக் கிணற்றடியில் நின்று பிந்தி வந்தவளாயினும், எந்த வகுப்போடு நின்றவளாயினும், அவள் பெயர் சங்கத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர்களிற் பலர் இன்றும் ஊரிலேயே இருக்கிறார்கள். நாங்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்கும்போது முதலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் தந்து உபசரிப்பவர்களும் அவர்களே. நூற்றாண்டு விழாவின் முன்வரிசையில் அவர்களுக்கு ஆசனம் இருக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.