காய்ச்சல்தானே என்று காத்திருக்க வேண்டாம்: மூளைச்சவ்வு அழற்சி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

கோலாலம்பூர்: குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுத்துவிட்டு, காலையில் கிளினிக்கிற்குப் போகலாம் என்று பொறுத்திருப்பது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கிள்ளான் தோட்டப்புறங்களிலும் வழக்கம்தான். பெரும்பாலான காய்ச்சல்கள் தானாகவே தணிந்துவிடும். ஆனால் மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளைச்சவ்வு அழற்சி விடியும்வரை பொறுக்காது. பாக்டீரியாவால் வரும் இந்நோய் 24 மணி நேரத்திற்குள் உயிரைப் பறிக்கக்கூடியது.

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வில் கிருமி தொற்றுவதே இந்நோய். பாக்டீரியா வகையால் பாதிக்கப்படுவோரில் ஆறில் ஒருவர் இறப்பதாகவும், ஐந்தில் ஒருவருக்குக் கடும் பின்விளைவுகள் ஏற்படுவதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. காது கேளாமை அவற்றில் முக்கியமானது.

பிரிட்டனில் ஸ்டீவ் டேமன் என்பவர் 1982இல் 14 மாதக் குழந்தையான தம் மகன் ஸ்பென்சரை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. பிற பெற்றோருடன் சேர்ந்து விழிப்புணர்வுப் பணியிலும் நிதி திரட்டுவதிலும் பல ஆண்டுகள் உழைத்தார். அந்நாட்டில் 1992இல் ஹிப் தடுப்பூசியும், 1999இல் மெனிங்கோகாக்கல் ‘சி’ தடுப்பூசியும், 2015இல் ‘பி’ தடுப்பூசியும் குழந்தைகளுக்கு இலவசமாக வந்தன.

அறிகுறிகள்

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலே இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி புடைத்தல், உடல் துவளுதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், காய்ச்சலிலும் கைகால் சில்லிடுதல், வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் கடும் தலைவலி, வாந்தி, வெளிச்சத்தில் கண்கூச்சம் என்று சொல்வார்கள்.

சிலருக்குச் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றும். கண்ணாடிக் குவளையை அவற்றின் மேல் அழுத்தியும் மறையாவிட்டால் அது அவசர நிலை. நம்மவரின் கருநிறத் தோலில் இப்புள்ளிகள் எளிதில் தெரிவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. பலருக்கு அது வருவதே இல்லை.

திருஷ்டி கழிப்பதும் விபூதி பூசுவதும் மனத்துக்கு ஆறுதல் தரலாம். ஆனால் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தை அவற்றில் கழித்துவிடக் கூடாது.

மருத்துவமனையில்

நோயை உறுதிசெய்ய, கீழ்முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுப்பார்கள். இதனால் பிள்ளைக்குக் கால் விளங்காமல் போகும் என்று அஞ்சிச் சில பெற்றோர் மறுப்பதுண்டு. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி செல்கிறது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். குணமான பிள்ளைக்குச் செவித்திறன் சோதனை அவசியம். நோய் மெனிங்கோகாக்கல் வகை என்றால், வீட்டில் உள்ளவர்களுக்கும் தடுப்பு மருந்து தரப்படும்.

தடுப்பூசி

பிறந்ததும் போடும் பிசிஜி, காசநோயால் வரும் மூளைச்சவ்வு அழற்சியிலிருந்து குழந்தையைக் காக்கிறது. ஹிப் தடுப்பூசி 2002 முதல் நம் தேசிய அட்டவணையில் உள்ளது. இப்போது அது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியாக 2, 3, 5, 18ஆம் மாதங்களில் போடப்படுகிறது. நிமோகாக்கல் தடுப்பூசி, 2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15ஆம் மாதங்களில் வழங்கப்படுகிறது. இவை மலேசியக் குழந்தைகளுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இலவசம்.

ஹஜ், உம்ரா பயணிகளுக்குக் கட்டாயமான மெனிங்கோகாக்கல் தடுப்பூசி, குழந்தைகளுக்கான தேசிய அட்டவணையில் இல்லை. தனியார் கிளினிக்குகளில் கட்டணம் செலுத்திப் போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு தவணை தவறியிருந்தாலும் கிளினிக்கில் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம். மேற்கண்ட அறிகுறிகள் இருந்தால் 999ஐ அழையுங்கள். அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். காலையில் பார்த்த மருத்துவர் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தாலும், பிள்ளையின் நிலை மோசமானால் மீண்டும் கொண்டுபோகத் தயங்க வேண்டாம்.